குழந்தைவேலு குரலில் பேசின கிடா

ஆடு பேசுச்சுன்னா நம்பறதும் நம்பாததும் ஒங்க பாடு, அதுக்காக நான் கற்பூரம் அடிச்சு சத்தியம் பண்ணிக்கிட்டு நிக்க முடியாது, ஆனா எங்க காட்டுவேலம்பாளையத்துல கருப்பணாருக்கு நேந்து விட்ட கிடா ஒண்ணு, செத்துப் போன லாரி டிரைவர் குழந்தைவேலுவோட குரல்ல, அதே இருமலு அதே இழுப்போட, ஊரே கேக்கப் பேசுச்சு, கேட்டதோட விட்டமா, அம்புட்டையும் மனப்பாடம் பண்ணி வெச்சிருக்கோம், இன்னிக்கே வந்தாலும் சரி, என் ஊட்டு வாசல்ல நின்னு ஒரு கொரல் குடுங்க, என் பங்குக்கு வந்ததை நான் பேசிக் காட்டறேன்.

குழந்தைவேலு பொண்டாட்டி மைனாவதி எனக்குப் பக்கத்து ஊடு. ரெண்டு ஊட்டுக்கும் ஒரே செவுரு, அந்தப் பக்கம் அவ இருமினா இந்தப் பக்கம் நான் வெந்நி வெப்பேன். புள்ளைகுட்டி கெடையாது. புருசன் மாசத்துல பாதி நாளுக்கு மேல ரோட்டுலதான் கெடப்பான், சொந்த அண்ணன் அங்கமுத்துவோட லாரியைத்தான் ஓட்டினான், வடக்க போனா டவர் கெடைக்கும் போகும், அதனால பேசறதை எல்லாம் வாய்ஸ் மெசேஜா போட்டு விடுவான். மைனா, சோலாப்பூர் தாண்டிட்டேன். மைனா, இந்த ஊர்ல பருப்புல கல்லாக் கெடக்குது. மைனா, டயர் பஞ்சர், ஒக்காந்திருக்கேன், ஒரு மயிலு பக்கத்துல வந்து நிக்குது, நம்மூரு மயிலு மாதிரியே முழிக்குது. இப்பிடியே ஒண்ணு மேல ஒண்ணு. இவ அதைக் கேட்டுக்கிட்டே அரிசி களைவா, கேட்டுக்கிட்டே துணி மடிப்பா, ஆளு ஊட்டுல இல்லாமயே ஊடு நெறைய இருப்பான்.

மூணு வருசம் முன்ன ஜான்சிக்கு அக்கட்டால வண்டி பாலத்துக் கட்டையில ஏறிக் கவுந்து போச்சு. ஆளு போயிட்டான். அன்னிக்கு விடியறதுக்கு முன்னால ஒரு மெசேஜ் போட்டிருக்கான், இவ தூங்கிட்டு இருந்திருக்கா, முழிச்சுப் போனைக் கையில எடுக்கறதுக்குள்ள சேதி வாசலுக்கு வந்திருச்சு. அந்தக் கடைசி மெசேஜை மைனாவதி கேக்கவே இல்லை. மத்ததை எல்லாம் தினமும் கேப்பா, அது ஒண்ணை மட்டும் தொட மாட்டா. "ஏன்டி, கேட்டுத் தொலையேன்"னு நான் எத்தனையோ தடவை சொல்லியிருக்கேன். "கேட்டுட்டா தீந்துருமுங்க்கா. கேக்காத வரைக்கும் அவரு எங்கிட்டப் பேச இன்னும் பாக்கி இருக்குது"ம்பா. நான் எந்திரிச்சு என் ஊட்டுக்கு வந்துருவேன்.

போனு என்ன சாசுவதமா? அதுக்கும் வயசாச்சு. பாதித் திரை கறுத்துப் போயி, சார்ஜ் நிக்காம, தொட்டா ஒண்ணு தொடாட்டி ஒண்ணுன்னு ஆனப்ப, பஸ் ஸ்டாண்டுல மொபைல் கடை வெச்சிருக்கற தனசேகருகிட்ட எடுத்துட்டு ஓடினா. நானும் கூடப் போனேன். அவன் அரைநாள் போராடி அத்தனை மெசேஜையும் விரல் நகத்துல பாதி இருக்கற ஒரு மெமரி கார்டுல ஏத்திக் குடுத்தான். நல்ல பையன், குத்தம் சொல்லக்கூடாது. "அக்கா, கடைசி மெசேஜும் இதுல இருக்குது, நான் போட்டுக் கேக்கலீங்க"ன்னான். அப்புறம், "இன்னொரு காப்பியும் எடுத்துக்கலாங்க்கா, ஒண்ணு போனா ஒண்ணு இருக்கும், பேக்கப்புன்னு சொல்லுவாங்க"ன்னான்.

அதுக்கு இவ என்ன சொன்னா தெரியுமா? "எனக்கு எத்தனை புருசன் தம்பி, ஒருத்தன்தானே? ஒரு காப்பி போதும்"னுட்டா.

சிரிக்காதீங்க. நீங்க மட்டும் என்ன கிழிச்சிட்டீங்க? ஒங்க புள்ளை மொத அடி எடுத்து வெச்ச வீடியோ ஒங்க போன்ல இருக்குது, வேற எங்க இருக்குது? ஒங்கப்பன் கடைசியாச் சிரிச்ச போட்டோ எங்க இருக்குது? அந்தப் போனு இன்னிக்குக் கெணத்துல விழுந்தா ஒங்களுக்கு என்ன மிச்சம்? பேச வந்துட்டாங்க.

ஆச்சா, ஒரு வாரத்துல போனு மொத்தமா அடங்கிப் போச்சு. மிச்சம் அந்தக் கார்டு ஒண்ணுதான். அது பாட்டுக்கு எங்கியாச்சும் விழுந்துரும்னு பயந்து, மைனாவதி எங்க ஊர்ப் பொம்பளைங்க எல்லாரும் என்ன பண்ணுவாங்களோ அதைத்தான் பண்ணினா. எங்கள்ல, சாமிக்கு வேண்டிக்கிட்டா மஞ்சத் துணியில காசு முடிஞ்சு சாமி படத்துக்கிட்ட வெப்போம், அதை எவளும் தொட மாட்டா, திருடன் கூடத் தொட மாட்டான். இவ கார்டை மஞ்சத் துணியில முடிஞ்சு, அங்கமுத்து ஊட்டுல இருக்கற பெரிய சாமி மாடத்துல, கருப்பணாரு படத்துக்கு முன்னால வெச்சுட்டு வந்துட்டா. ஒலகத்துலயே பத்திரமான எடம்னு அவளுக்கு நெனப்பு.

அதே மாடத்துல இன்னொரு மஞ்ச முடிச்சு இருந்துச்சு. அங்கமுத்து வெச்சது. தம்பி போனதுக்கு அப்புறம், இனிமே நம்ம வண்டியில ஏறற ஒருத்தனுக்கும் ரோட்டுல எதுவும் ஆகக் கூடாதுன்னு கருப்பணாருக்கு ஒரு கிடா வேண்டியிருந்தான். அவன் பசங்க மதனும் கிரியும் இப்ப லாரியில ஏறியாச்சு. கிடாய்க்குக் காது கீறி, சாமிக்குன்னு விட்ட அன்னிக்கு, அங்கமுத்து சம்சாரம் சம்பூரணம் மாடத்துல கைய விட்டு, கைக்கு வந்த முடிச்சை எடுத்து, வேப்பங்கொழையோட சேத்துக் கிடா கழுத்துல கட்டிட்டா. கிடா பாத்துச்சு, கழுத்துக்குக் கீழயே பச்சை எலை ஆடுது, விடுமா, கொழையத் தின்னுச்சு, கொழையோட முடிச்சையும் தின்னுச்சு, கார்டையும் தின்னுச்சு. எந்த முடிச்சைக் கட்டினோம்னு சம்பூரணத்துக்கு மறுநாள்தான் தெரிஞ்சுது. மைனாவதி அன்னிக்கு அழுத அழுகை இருக்குதே, செவுத்துக்கு இந்தப் பக்கம் நான் காதைப் பொத்திக்கிட்டு ஒக்காந்திருந்தேன். பட்டியில ஆட்டுப் புழுக்கைய எல்லாம் கொம்பை வெச்சுக் கிளறினா, சல்லடை போட்டுச் சலிச்சா, அடக் கெரகமே, ஒரு மனுசி எதுக்கெல்லாம் ஆளாகறா.

அது நடந்து கொஞ்ச நாளு போயி ஒரு காலையில சம்பூரணம் பட்டியில தவுடு கரைச்சு வெச்சிட்டு இருக்கறா, கிடா தலையத் தூக்கி, "மைனா, சாப்டியா? நான் ஐதராபாத் தாண்டிட்டேன், வெயிலு மண்டையப் பொளக்குது"ன்னுச்சு. சம்பூரணம் தவுட்டுச் சட்டியில இருந்து கையக் கூட எடுக்காம, "மைனா தண்ணிக்குப் போயிருக்குது தம்பி, வந்தா சொல்றேன்"னா. சொல்லிட்டு, எதுக்கும் இருக்கட்டும்னு முந்தானைய இழுத்துச் சொருகிக்கிட்டு மைனாவதியத் தேடிட்டு வந்தா.

மைனாவதி பட்டிக்கு ஓடி வந்து, கிடாய் முன்னால மண்டி போட்டு ஒக்காந்து, அதும் மொகத்தை ரெண்டு கையில ஏந்திக்கிட்டா. கிடா அசை போட்டுச்சு. அசை போட்டு முடிச்சுட்டு, "இந்த ஊர்ல பருப்புல கல்லாக் கெடக்குது மைனா"ன்னுச்சு. இவ அழல. சிரிச்சா. மூணு வருசத்துல அவ வாய் விட்டுச் சிரிச்சு அன்னிக்குத்தான் கேட்டேன்.

ஊரு என்ன பண்ணும்? ஊருக்கு எத்தனை வேலை. ஆடு எப்பிடிப் பேசுதுன்னு ஒருத்தரும் கேக்கல, அது கார்டைத் தின்னுச்சு, கார்டுல இருந்ததைப் பேசுது, இதுல என்ன அதிசயம்னு விட்டுட்டோம். சண்டை வந்ததெல்லாம் வேற விசயத்துல. கிடாய அதுன்னு சொல்றதா, அவருன்னு சொல்றதான்னு டீக்கடையில ரெண்டு நாளு வாக்குவாதம். சம்பூரணம் கொழுந்தனாரு குரலு கேக்குதேன்னு பட்டிக்குள்ள தலையில துணி போட்டுக்கிட்டுத்தான் போனா. குழந்தைவேலுகிட்ட ஜாக்கி குடுத்து வெச்சிருந்த ஒருத்தன் தினமும் காலையில வந்து, "டேய், ஜாக்கிய எங்கடா வெச்சே"ன்னு கிடாயக் கேட்டுக்கிட்டு நிப்பான், அது, "சரி, வெச்சிடறேன், டோல்கேட் வந்துருச்சு"ன்னு சொல்லும், அவன் திட்டிக்கிட்டே போவான். இன்னொரு டிரைவர் பையன், நாக்பூர் ரோட்டுல பாலம் வேலை நடக்குது, சுத்திப் போறேன்னு கிடா சொன்னதைக் கேட்டுட்டு அவனும் சுத்திப் போயி ஒரு நாள் தாமசமா வந்து சேந்தான், அந்தப் பாலம் கட்டி முடிச்சு வருசம் ரெண்டாச்சு. மாட்டு டாக்டரு வந்தாரு, வயித்தைத் தட்டிப் பாத்தாரு, காத்து அடைச்சிருக்குதுன்னு மருந்து எழுதிக் குடுத்துட்டுப் போனாரு.

தனசேகரு மைக்கு, ஒயரு, ரெண்டு மூணு போனு எல்லாம் தூக்கிக்கிட்டு வந்து கிடாய் வாய்க்கிட்ட வெச்சு நாள் பூராப் புடிச்சான். மனுசக் காதுக்குத்தான் அது பேச்சு. போட்டுப் பாத்தா எல்லாத்துலயும் வெறும் 'ம்மே'. டிவிக்காரங்க கேமராவுலயும் அதே 'ம்மே', கேமராவ மடிச்சுக்கிட்டு எங்களைப் பாத்து ஏமாத்துக்கார ஊருன்னு திட்டிட்டுப் போனாங்க. போங்கடா, ஒங்களை யாரு வெத்தலை பாக்கு வெச்சு அழைச்சாங்க. தனசேகரு மட்டும் தலையச் சொறிஞ்சுக்கிட்டு, "அக்கா, இதுக்குப் பேக்கப் எடுக்க வழி இல்லீங்க. இருக்கறது இந்த ஒரு கிடாதான்"ன்னான். மைனாவதி மொகம் அப்பத்தான் மாறுச்சு. ஏன்னா அந்தக் கிடா மத்த மெசேஜை எல்லாம் மாத்தி மாத்திப் பேசுது, அந்தக் கடைசி ஒண்ணை மட்டும் இன்னும் பேசல. மாசி மாசம் கருப்பணாரு பூசை வருது. கிடா சாமி கிடா.

அவ நேரா அங்கமுத்துகிட்டப் போனா. நானும் போனேன், நான் போகாத எடம் ஏது.

"பெரிய மாமா, இந்தக் கிடாய எனக்கு விட்டுருங்க. இதை விடப் பெரிய கிடாயா நான் வாங்கித் தர்றேன்"ன்னா.

"காது கீறின கிடாய மாத்தக் கூடாது அம்மிணி, ஒனக்குத் தெரியாதா? என் பசங்க ரெண்டு பேரும் ஸ்டியரிங்கைப் புடிச்சிருக்கறானுங்க. சாமி கிடாய நிறுத்தி வெச்சு நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா?"

"அவரு கடைசியாப் பேசினது அதுக்குள்ள இருக்குதுங்க மாமா. அதை நான் இன்னும் கேக்கல."

அங்கமுத்து துண்டை ஒதறித் தோள்ல போட்டான். "கேட்டு என்ன ஆகப் போவுது? ஓரமா நிறுத்தித் தூங்கிட்டுப் போடா தம்பின்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டானா? திமிரு. வண்டியும் போச்சு, ஆளும் போச்சு. ஆடு பேசுது, மாடு பேசுதுன்னு இன்னும் எத்தனை நாளு? வெட்டினாத்தான் எல்லாம் அடங்கும்."

அவன் மூணு வருசமா ஊரெல்லாம் சொன்னதும் இதேதான். நாங்களும் நம்பித்தான் இருந்தோம், அண்ணன் பேச்சைக் கேக்காம தூக்கத்துல ஓட்டிச் செத்தான்னு குழந்தைவேலுவைத்தான் குத்தம் சொன்னோம். மைனாவதி எந்திரிச்சா. வாசல்ல வந்து செருப்பை மாட்டினவ, "ஒரே எடத்துல வெச்சேன், போச்சு. மறுபடியும் ஒரே எடத்துலதான் இருக்குது. இனி அப்பிடி இருக்க விட மாட்டேங்க்கா"ன்னா.

மறுநாள்ல இருந்து ஊடு ஊடாப் போனா. ஒரு ஊட்டுக்கு ஒரு மெசேஜு. பட்டிக்குக் கூட்டிட்டுப் போயி, கிடா அதைப் பேசற வரைக்கும் நிக்க வெச்சு, பேசினதும் திருப்பிச் சொல்லச் சொல்லுவா. சொல்லு மட்டும் பத்தாது, இருமலு வேணும், "மைனா"ங்கறப்ப அந்த இழுப்பு வேணும், பின்னால ஆரன் அடிச்சா ஆரனும் வேணும். தப்பாச் சொன்னா மறுபடி. மொதல்ல எல்லாரும் சலிச்சுக்கிட்டாங்க, இந்தப் பொம்பளைக்குப் பித்துப் புடிச்சிருச்சுன்னாங்க, அப்புறம் பாத்தா ஊருக்கே அந்தப் பித்து. எங்க ஊட்டுக்குப் பஞ்சர் மெசேஜு, ஒங்களுக்கு வெறும் 'வெச்சிடறேன்' தானேன்னு கொழாயடியில பீத்திக்குவாங்க. ஒறம்பரை வந்தா காப்பித்தண்ணி குடுத்துட்டு அடுத்து மெசேஜைத்தான் பேசிக் காட்டுவாங்க. எனக்கு வந்தது மயிலு மெசேஜு. எனக்கு அதுல பெருமைதான், இல்லைன்னு சொல்ல மாட்டேன்.

ஒரு ஊட்டை நம்பி விட்டுருவாளா இப்ப? ஒவ்வொண்ணையும் ரெண்டாவது ஊட்டுக்கும் குடுத்தா. ஊரே ஒரு காய்ச்சல்ல படுத்துட்டா என்ன பண்றதுன்னு, டிரைவர் பசங்களைப் புடிச்சு அவங்களுக்கும் சொல்லிக் குடுத்து அனுப்பினா, அவங்க போற வழியில எல்லாம் பேசிக்கிட்டே போனாங்க, குழந்தைவேலு குரலு மறுபடியும் சோலாப்பூரு தாண்டுச்சு, நாக்பூரு தாண்டுச்சு, எங்க பாஷை தெரியாத தாபாக்காரன் ஒருத்தன் கூட "மைனா, சாப்டியா"ன்னு அச்சு அசலாக் கேக்கறானாம். அங்கமுத்து பசங்க மதனும் கிரியும் கூட அப்பனுக்குத் தெரியாம ஆளுக்கு ஒண்ணு வாங்கிட்டுப் போனாங்க. அங்கமுத்து மட்டும் பட்டிப் பக்கம் தலை காட்டல. இப்பிடிப் பழகிப் பழகி எங்க காதெல்லாம் என்ன ஆச்சுன்னா, எதையும் ஒரு தடவை கேட்டாப் போதும், அப்பிடியே நாக்குல வந்து ஒக்காந்துக்கும்.

எல்லாம் வந்துச்சு. கடைசி மெசேஜு மட்டும் வரல. பூசை நாளும் வந்துருச்சு.

உச்சி வெயிலு. கோயிலு முன்னால ஊரே நிக்குது, தப்பு மோளம் அடிக்கறாங்க, காதுக்குள்ள குத்துது. எங்க கருப்பணாரு கிட்ட ஒரு சட்டம் உண்டு, கிடாய இழுத்துட்டு வந்து சும்மா வெட்டிர முடியாது. மஞ்சத் தண்ணிய முதுகுல ஊத்துவாங்க, கிடா ஒடம்பைச் சிலுப்பி ஒதறணும், துளுக்கறதுன்னு சொல்லுவோம், துளுக்கினாத்தான் கிடாய்க்கும் சாமிக்கும் சம்மதம், துளுக்காத வரைக்கும் எந்தக் கொம்பனும் அருவாளைத் தூக்கக் கூடாது.

மைனாவதி கிடாய் கயித்தைத் தன் கையில சுத்திப் புடிச்சிருந்தா. பூசாரி தண்ணி ஊத்தினாரு. கிடா நின்னுச்சு. மறுபடி ஊத்தினாரு. நின்னுச்சு. கொடங் கொடமா ஊத்தறாங்க, மஞ்சத் தண்ணி காலடியில ஓடுது, தாடியில சொட்டுது, கிடா கல்லு மாதிரி நிக்குது. "என்ன கொறை சாமி, சொல்லு"ன்னு பூசாரி கையக் கூப்பினாரு. மைனாவதி சாமியப் பாத்துக் கத்தினா.

"கொறை எனக்குத்தான்! ஒனக்கு உசுரு வேணும், எடுத்துக்க, நான் வேண்டாங்கல. எனக்குச் சேர வேண்டியது ஒரு பேச்சு. அதைக் குடுக்காம எடுத்தே, கருப்பணாரே, நாளையில இருந்து ஒனக்கு ஒரு வெளக்கு ஏத்த மாட்டேன், ஏத்தறவளையும் விட மாட்டேன்!"

பொம்பளைங்க எல்லாம் வாயப் பொத்திக்கிட்டோம். சாமிகிட்ட இப்பிடிப் பேசலாமா? அங்கமுத்து பல்லைக் கடிச்சுக்கிட்டு வந்து, பூசாரி கையில இருந்து கொடத்தைப் புடுங்கி, அவனே மொத்தத்தையும் கிடா தலையில கவுத்தான்.

கிடா அங்கமுத்துவை நிமிந்து பாத்துச்சு. தப்பு நின்னு போச்சு, யாரு நிறுத்தச் சொன்னாங்கன்னு தெரியல. வைப்பரு ஓடற சத்தம் கேட்டுச்சு, மழைச் சத்தம் கேட்டுச்சு, எல்லாம் அந்தக் கிடா தொண்டையில இருந்துதான். அப்புறம் குழந்தைவேலு பேசினான்.

"மைனா... தூங்கிட்டியா? கண்ணு மூடி ரெண்டு நாளாச்சு மைனா. ஓரமாப் போட்டு ஒரு மணி நேரம் தூங்கிக்கறேன்னு அண்ணனுக்குப் போன் பண்ணேன். லோடு லேட்டானா ஒங்கப்பனா வந்து பதில் சொல்லுவான், ஓட்டுடா நாயேன்னு வெச்சுட்டாரு. மழை வேற. ரோடு ரெண்டு ரெண்டாத் தெரியுது. முழிச்சிருந்தா எதாச்சும் பேசு மைனா. நீ பேசிக்கிட்டே இருந்தா நான் வந்துருவேன்."

அம்புட்டுத்தான்.

மைனாவதி மொகத்தை நான் பாக்கல. பாக்க முடியல. மூணு வருசமாப் பொத்திப் பொத்தி வெச்சிருந்தாளே, அவரு எங்கிட்டப் பேச இன்னும் பாக்கி இருக்குதுன்னு, அவன் கேட்டது அவ பேச்சைத்தான்.

அப்பத்தான் கிடா துளுக்குச்சு. கொம்புல இருந்து வாலு வரைக்கும் சிலுப்பி ஒரு ஒதறு ஒதறுச்சு, மஞ்சத் தண்ணி எங்க எல்லாரு மேலயும் தெறிச்சுது.

"உத்தரவு ஆயிருச்சு!" அங்கமுத்துதான் மொதல்ல கத்தினான். "பூசாரி, வெட்டு! ஆடு கத்தினதுக்கெல்லாம் சாட்சியா? ரெக்கார்டு இருக்குதா? எவன் போன்ல இருக்குது, காட்டச் சொல்லு பாப்போம்! வெட்டினாத் தீந்துச்சு, வெட்டு!"

பூசாரி மைனாவதியப் பாத்தாரு. அவ கையில சுத்தியிருந்த கயித்தை மெதுவாப் பிரிச்சுக் கீழ விட்டா.

"வெட்டுங்க பெரிய மாமா"ன்னா.

சொல்லிட்டு, அவ வாயத் தொறந்து, அதே குரல்ல, "மைனா, தூங்கிட்டியா"ன்னு ஆரம்பிச்சா. ஒரு சொல்லு பெசகல. அவ முடிக்கறதுக்குள்ள சம்பூரணம் ஆரம்பிச்சா, சொந்தப் புருசன் மொகத்தைப் பாத்துக்கிட்டே, தலையில போட்டிருந்த துணிய எடுத்து வீசிட்டு. அப்புறம் நான். அப்புறம் ஜாக்கிக்காரன், தனசேகரு, தப்பு அடிக்கறவரு, டிரைவர் பசங்க, ஊரே. வைப்பரு சத்தம், மழைச் சத்தம், ஓட்டுடா நாயே, எல்லாம் எங்க வாயில. ஆளாளுக்கு முன்ன பின்ன ஆரம்பிச்சதுல அது முடியவே இல்லை, ஒரு பக்கம் முடிஞ்சா இன்னொரு பக்கம் தூங்கிட்டியான்னு கேக்குது. அங்கமுத்து ரெண்டு காதையும் பொத்திக்கிட்டுக் கோயிலைச் சுத்திச் சுத்தி வந்தான், எந்தப் பக்கம் திரும்பினாலும் தம்பி நிக்கறான்.

மைனாவதி அவன் எதுத்தாப்புல போயி நின்னா.

"கொடத்தை எடுங்க மாமா. எங்களையும் வரிசையா நிறுத்தித் தண்ணி ஊத்துங்க. எவ துளுக்கறான்னு பாக்கலாம்."

கொடம் அவன் கால்ல கெடந்துச்சு. அவன் எடுக்கல. பூசாரி அருவாளைத் தொடச்சு மறுபடி உறையில சொருகிட்டாரு. கிடா அங்க கொட்டிக் கெடந்த பொங்கச் சோத்தைத் தின்னப் போயிருச்சு, அன்னிக்கு அப்புறம் அது ஒரு வார்த்தை பேசல, பேச வேண்டிய தேவையும் இல்லை.

கூட்டத்துல இருந்து மதன் வந்தான், அங்கமுத்துவோட மூத்தவன். கண்ணு ரெண்டும் செவந்து கெடக்குது, நாலு நாளு ஓட்டின வண்டிய நிறுத்திட்டுப் பூசைக்குன்னு வந்தவன், பொழுதோட மறுபடியும் லோடு எடுக்கணும். சித்தப்பன் குரல்ல அவன் பங்குக்கு அவனும் கடைசி வரைக்கும் சொல்லி முடிச்சான், முடிச்சுட்டு இடுப்புல இருந்த லாரிச் சாவிய எடுத்து அப்பன் கையில வெச்சு, அந்தக் கைய மூடினான். அப்புறம் கோயிலு முன்னால, அத்தனை வெயில்ல, அத்தனை பேரு பாக்க, வெறுந்தரையில துண்டை விரிச்சுப் படுத்துக்கிட்டான். மைனாவதி அவன் மேல வெயிலு விழாம முந்தானைய விரிச்சுப் புடிச்சுக்கிட்டு நின்னா. லோடுக்காரங்கிட்ட இருந்து மதனுக்குப் போனு அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. அவனை யாரும் எழுப்பலீங்க.